வேலை செய்யாத வருஷம்

22

போன வாரம் சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தைப் பிரித்து வைத்த கையோடு கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு ஆறு நாட்கள் அந்தக் கடிதம் அந்த வீட்டில் பட்ட பாட்டைச் சொன்னால் இந்த வாரப் பக்கம் அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே சுருக்கமாக.

கடிதம் ஓய்வூதிய நிதி அலுவலகத்திலிருந்து வந்தது. சின்ன மருமகளின் பெயருக்கு. பத்தொன்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள் என்பதால் அந்தக் குடும்பத்தில் அவளுக்கு டிரைவர் என்றே பெயர். மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள வந்தாள். பதினான்கு மாதம் பார்த்துக்கொண்டாள். அவர் போய் இப்போது மூன்று மாதம் ஆகிறது.

அவர் விழுந்த வாரமே பிள்ளைகள் மூவரும் கூடிப் பேசினார்கள். மூத்தவர் காப்பீட்டு முகவர், வீட்டில் அவரைப் பெரியவர் என்பார்கள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பாலிசி வைத்திருப்பவர். அவர் மாதம் ஆயிரம் தருவதாகச் சொன்னார். கடைக்குட்டித் தங்கை பள்ளிக்கூட டீச்சர். அவளும் மாதம் ஆயிரம் என்றாள். நடுப்பிள்ளை, டிரைவரின் கணவன், ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவன் தன் பங்காகப் பெண்டாட்டியைத் தந்தான். இப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பேச்சு அப்படித்தான் முடிந்தது.

"கையில குடுத்தா கரைஞ்சு போயிடும்மா. உன் பேர்ல ஓய்வூதியக் கணக்கு சும்மாதானே இருக்கு, அதுலயே போட்டுடறேன். வயசான காலத்துல உதவும்" என்றார் பெரியவர். டீச்சர் தன் ஆயிரத்தை அண்ணனுக்கு அனுப்புவாள். அவர் தன்னுடையதையும் சேர்த்து இரண்டாயிரமாக அந்தக் கணக்கில் கட்டுவார்.

நல்லெண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஊராருக்கெல்லாம் பாலிசி விதியைப் பிட்டுப் பிட்டு வைக்கிற மனிதர், இந்தக் கணக்கின் விதியை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார். அதில் சம்பளப் பணத்தைத்தான் போடலாம். வீட்டு மனிதர்கள் கொடுக்கிற பணத்தைப் போடக் கூடாது. சென்ற வரி ஆண்டில் இருபத்து நான்காயிரம் தவறாகச் சேர்ந்திருக்கிறது, உங்கள் பெயரில் சம்பளம் எதுவும் பதிவாகவில்லை, இந்தத் தேதிக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றது கடிதம்.

அந்தத் தேதி இன்று.

*

பெரியவர் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். வரும்போதே படிவத்தை அச்செடுத்து, எல்லாக் கட்டங்களையும் தன் மணியான கையெழுத்தில் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி. முப்பது வருஷத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. குறியைக் காட்டிவிட்டால் யாரும் மேலே படிக்க மாட்டார்கள்.

டிரைவர் படித்தாள். பயணத்தாளை ஒரு வரி விடாமல் படிக்காமல் அவள் வண்டியை எடுத்ததே இல்லை.

"பெரியத்தான், இதுல நான் எந்த வேலையும் செய்யலைன்னு போட்டிருக்கே."

"எங்கே?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். *மேற்கண்ட ஆண்டில் நான் எந்த வேலையும் செய்யவில்லை என்றும், ஊதியம் எதுவும் பெறவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.*

"அது எல்லாருக்கும் அடிச்சு வெச்சிருக்கிற வாசகம்மா. அதையெல்லாம் போய்ப் படிச்சுக்கிட்டு."

"உறுதி கூறுகிறேன்னு இருக்கு. நான்தானே கூறணும்."

"சட்ட பாஷை அப்படித்தான் இருக்கும். சம்பள வேலை இல்லைன்னு அர்த்தம், அவ்வளவுதான்."

"அர்த்தம் அப்படின்னா அப்படியே எழுத வேண்டியதுதானே. எந்த வேலையும்னு எழுதியிருக்காங்க."

மேசையின் மறுகோடியில் மெக்கானிக் ஒரு பழைய தெர்மோஸ்டாட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சண்டை வரும் போலத் தெரிந்தால் அவன் எதையாவது பிரிக்க ஆரம்பித்துவிடுவான்.

"போட்டுடேம்மா" என்றான், தலையை நிமிர்த்தாமல். "ஒரு கையெழுத்துதானே."

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நானே நேர்ல போறேன்."

"போய்க் குடுக்கத்தானே போற?" என்றார் பெரியவர்.

"போய்க் கேக்கப் போறேன்."

பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் காபியைக் குடிக்காமலேயே எழுந்தார். குடிக்காமல் போனால் அவருக்குக் கோபம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

*

பேருந்தில் பயணியாக உட்காருவது அவளுக்கு இன்னும் கைவரவில்லை. ஓட்டுகிற பையன் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காதபோது அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

எந்த வேலையும் செய்யவில்லை.

மாமனாரை அவள் பார்த்துக்கொண்ட விதமே அலாதி. அவளுக்குத் தெரிந்தது ஒரே முறைதான்: கால அட்டவணை. படுக்கைக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். 5.10 இடப்பக்கம் திருப்புதல். 5.40 வாய் துடைத்தல், மாத்திரை. 7.10 வலப்பக்கம். 9.10 மல்லாக்க. இரண்டு மணிக்கொரு முறை திருப்பாவிட்டால் முதுகில் புண் வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பதினான்கு மாதத்தில் ஒரு புண் வரவில்லை. நர்ஸ் வேறு வீடுகளுக்குப் போய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேச்சு போய்விட்ட மாமனாருக்கு இடது கை மட்டும் வேலை செய்தது. கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். மருமகளின் தொழில் பாஷையை அவரே பிடித்துக்கொண்டார். உணவு ஊட்டும்போது டிங் என்று ஒன்று வந்தால் போதும் என்று பொருள். சில நாள் அதே கையால் அவளை அடிக்கவும் அடிப்பார். அடித்துவிட்டு அழுவார். அவளும் ஒன்றிரண்டு முறை, "மாமா, இனிமே அடிச்சீங்கன்னா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் வாய் கோணச் சிரிப்பார்.

எண்பது கிலோ மனிதரை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை புரட்டியதில் தோள்பட்டை போயிற்று. இப்போது வலது கையை உயரத் தூக்க முடியவில்லை. இறங்க எழுந்தபோது பேருந்தின் மேல்கம்பியைப் பிடிக்க அவள் இடது கையைத்தான் நீட்டினாள்.

எந்த வேலையும் செய்யவில்லையாம்.

*

நிதி அலுவலகத்தில் ஆறாம் கவுண்ட்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். டிரைவர் படிவத்தை உள்ளே தள்ளினாள். 'எந்த வேலையும் செய்யவில்லை என்றும்' என்ற சொற்களின் மேல் அவள் வரும்போதே ஒரு கோடு இழுத்திருந்தாள்.

கவுண்ட்டர் அம்மாள் அந்தக் கோட்டையே சற்று நேரம் பார்த்தார்.

"அச்சடிச்சதை அடிக்கக் கூடாதும்மா. மெஷின் திருப்பி அனுப்பிடும்."

"ஊதியம் வாங்கலைங்கறது சரி. அதை விட்டுட்டேன் பாருங்க. வேலை செய்யலைங்கறது பொய்."

"என்ன வேலை செஞ்சீங்க?"

"மாமனார் படுத்த படுக்கையா இருந்தார். பார்த்துக்கிட்டேன்."

"அது வேலைன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எதிரில் நின்றவளின் முகம் அப்படி இருந்தது. "சரி, உட்காருங்க. முழுசாச் சொல்றேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவால் பெரிதாக எழுதிக் காட்டினார். இருபது வருஷம் சொல்லிச் சொல்லிச் சலித்த விஷயத்தை அன்று ஏனோ நிதானமாகவே சொன்னார்.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள திருப்பினா, இருபத்து நாலாயிரமும் வரியில்லாம வெளியே போயிடும். தப்பா வந்தது, போயிடுச்சு. அது உள்ளே இருந்தப்போ தொள்ளாயிரத்து அறுபது வளர்ந்திருக்கு. அந்த வளர்ச்சியை மட்டும் உங்க வருமானமாக் காட்டி, அதுக்கு வரி கட்டணும். சின்னத் தொகைதான்."

"பணம் யாருக்குப் போகும்?"

"எங்கேருந்து வந்ததோ அந்த பேங்க் கணக்குக்கு. உங்க மூத்தாரோட கணக்கு."

"நாலு மணிக்குள்ள திருப்பலைன்னா?"

"தப்பா இருக்கிற பணத்துக்கு நூத்துக்கு ஆறு அபராதம். ஒரு தடவை இல்லை, அது உள்ளே இருக்கிற ஒவ்வொரு வருஷமும். அப்புறம் மனசு மாறி வெளியே எடுத்தா, முன்கூட்டியே எடுத்ததா ஆயிடும். முழுத் தொகைக்கும் வரி, அது போக இன்னொரு அபராதம். அதனாலதான் எல்லாரும் ஓடி வந்து இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க."

"வேற வழியே இல்லையா?"

கவுண்ட்டர் அம்மாள் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். வரிசையில் யாருமில்லை.

"ஒரு வழி இருக்கு. யாரும் கேக்கறதில்லை. பணம் குடுத்தவங்க, இது சம்பளம்தான், இவங்களை வேலைக்கு வெச்சிருந்தோம்னு எழுதிக் குடுக்கணும். வீட்டுப் பணிக்கான சம்பளப் பதிவுன்னு ஒரு ஃபாரம். டிசம்பர் வரைக்கும் வாங்குவோம். குடுத்தவங்க முதலாளி பங்கு கட்டணும், தாமதத்துக்கு அபராதம் கட்டணும். உங்களுக்கு அது வருமானம். இருபத்து நாலாயிரத்துக்கும் நீங்க வரி கட்டணும். ஆனா போட்ட பணம் போட்டபடி இருக்கும். தப்பே நடக்கலைன்னு ஆயிடும்."

"அந்த வருஷம் நான் வேலை செஞ்சதாப் பதிவாகுமா?"

"ஆகும்."

"அதுல ஒண்ணு குடுங்க."

"எல்லாரும் வரி எப்படிக் குறையும்னுதான் கேப்பாங்க" என்றார் கவுண்ட்டர் அம்மாள், இழுப்பறையைத் திறந்தபடி. "நீங்கதான் வரி கட்டறதுக்கு வழி கேக்கறீங்க."

*

வாசலருகே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அவள் பெரியவருக்குப் போன் செய்தாள். மணி இரண்டே கால். விஷயத்தைச் சொன்னாள்.

"என்னம்மா சொல்ற நீ? என் தம்பி பொண்டாட்டியை நான் வேலைக்கு வெச்சிருந்தேன்னு எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? எங்க வீட்டு மருமகளை வேலைக்காரியாக்கினேன்னு பேர் வாங்கணுமா?"

"வேலைக்காரின்னு எழுதினா அசிங்கம். வேலையே செய்யலைன்னு எழுதினா கௌரவம். அப்படித்தானே பெரியத்தான்?"

"நான் அப்படிச் சொல்லலை."

"ஃபாரம் சொல்லுது. நீங்கதான் அதை நிரப்பிக் கொண்டுவந்தீங்க."

"இதோ பாரு, நீ பார்த்துக்கிட்டது எங்க எல்லாருக்கும் தெரியும். நான் எத்தனை பேர்கிட்ட உன்னைப் பத்திப் பெருமையாச் சொல்லியிருக்கேன் தெரியுமா? பெத்த பொண்ணு மாதிரின்னு."

"தெரியும். பெருமையா வாயால சொன்னீங்க. எழுதிக் குடுங்கன்னாதான் கை வர மாட்டேங்குது."

பெரியவர் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். பாலிசி வாங்கத் தயங்குகிறவர்களிடம் பேசுகிற குரல்.

"பணம் என் கணக்குக்குத்தான் வரும். வந்த அன்னிக்கே என்ன செய்யணுமோ செஞ்சுடறேன். என்னை நம்ப மாட்டியா? நாலு மணிக்குள்ள குடுத்துடும்மா. வீம்பு பண்ணி பன்னெண்டும் பன்னெண்டுமா இருபத்து நாலாயிரத்தையும் மாட்ட விட்டுடாதே."

"நாலு மணி வரைக்கும் இங்கேதான் உட்கார்ந்திருக்கப் போறேன்."

"குடுக்கறதுக்கா?"

"குடுக்காம இருக்கறதுக்கு."

அவள் போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் பயம்தான், வேறென்ன. இருபத்து நான்காயிரம் என்பது அவளுக்கு விளையாட்டுத் தொகை அல்ல. வேலை இல்லை, தோள் சரியில்லை, பழைய கம்பெனி ஐம்பது தாண்டியவர்களைத் திரும்ப எடுப்பதில்லை. எழுந்து போய் ஒரு கையெழுத்துப் போட்டால் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். கவுண்ட்டர் அம்மாளும் அவ்வப்போது கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

அவள் எழவில்லை. கூட்டம் எவ்வளவு நெரித்தாலும் நேரம் வராமல் வண்டியை எடுக்க மாட்டாள், நேரம் வந்தால் யார் கத்தினாலும் நிற்க மாட்டாள். அந்தப் பிடிவாதத்துக்காக இரண்டு முறை மெமோ வாங்கியவள்.

இரண்டே முக்காலுக்குப் பெரியவர் அழைத்தார். எடுக்கவில்லை. மூன்றுக்கு அழைத்தார். மூன்றே காலுக்குக் கணவன் அழைத்தான். "அண்ணன் என்னைப் புடுங்கி எடுக்கறார், என்ன சொல்றது?" என்றான். "நான் வேலையா இருக்கேன்னு சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

*

மூன்று மணி முப்பத்தைந்துக்கு டீச்சர் வந்தாள். பள்ளி விட்ட கையோடு வந்திருந்தாள். விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை.

"அண்ணி, பெரியண்ணன் போன் பண்ணினார். எப்படியாவது உங்களைக் கையெழுத்துப் போட வைன்னு சொன்னார்."

"அதுக்கா வந்தே?"

"அதுக்குத்தான் கிளம்பினேன்." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பணம் வந்ததும் என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். அப்பாவோட ஆஸ்பத்திரி பில்லுல கழிச்சுக்கலாம், நாம மூணு பேருக்கும் பாரம் குறையும்னார்."

டிரைவர் திரும்பிப் பார்த்தாள்.

"அவரைத் திட்டாதீங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்கு அவர்தான் முழுசாக் கட்டினார். எங்ககிட்டக் கேக்கலை. அதை மனசுல வெச்சுக்கிட்டிருக்கார்."

"கேட்டிருந்தா குடுத்திருப்போம். அதை என் வருஷத்துலயிருந்தா எடுக்கறது?"

டீச்சர் தன் போனை எடுத்து நீட்டினாள். வங்கிச் செய்திகள். மாதாமாதம் அண்ணனுக்கு அவள் அனுப்பிய ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குறிப்பு.

"நான் எதை அனுப்பினாலும் எதுக்குன்னு ரெண்டு வார்த்தை எழுதுவேன். பழக்கம். பஸ்ஸுல வரும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பாருங்க."

*அண்ணி சம்பளம்.* அடுத்த மாதம், *அண்ணி சம்பளம்.* அதற்கடுத்த மாதம், *அண்ணி சம்பளம்.* அந்த வரி ஆண்டில் மட்டும் பன்னிரண்டு முறை. யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், அந்தப் பெண் அதை அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

டிரைவர் பன்னிரண்டையும் படித்தாள். மாமனார் போன அன்றுகூட எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு நின்றவள், ஓய்வூதிய அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அந்த ஃபாரம் எங்கே?" என்றாள் டீச்சர்.

"உன் வீட்டுக்காரர்கிட்டக் கேக்க வேண்டாமா? அபராதமெல்லாம் இருக்கு."

"கேட்டா வேண்டாம்பார். அதான் கேக்கலை."

இரண்டு பேரும் ஆறாம் கவுண்ட்டருக்குப் போனபோது மணி மூன்று நாற்பத்தெட்டு. டீச்சர் வங்கிச் செய்திகளைச் சாட்சிக்குக் காட்டிவிட்டு, விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் கட்டங்களை நிரப்பினாள். பணியமர்த்தியவர் பெயர். பணியின் தன்மை. மாத ஊதியம். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"அண்ணி, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலைன்னு கேக்குது."

"நீதானே முதலாளி. நீயே எழுது."

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். விடியற்காலை ஐந்து பத்திலிருந்து இரவு வரை. இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை. ஏழு நாள். அவள் முகம் மாறியது. நூற்று அறுபத்தெட்டு என்று எழுதப் போனவள், எழுத இடம் இல்லாமல் நிமிர்ந்தாள்.

"ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"ரெண்டு இலக்கத்துக்கு மேல யாரும் வேலை செய்ய மாட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க" என்றார் கவுண்ட்டர் அம்மாள். "நாப்பதுன்னு போடுங்க, கேள்வி வராது."

"தொண்ணூத்தொம்பது" என்றாள் டீச்சர்.

"நம்ப மாட்டாங்கம்மா."

"நம்பலைன்னா எங்க வீட்டுக்கு வந்து கேக்கட்டும். அந்த அட்டவணை இன்னும் சுவத்துலதான் இருக்கு." அவள் இரண்டு ஒன்பதுகளையும் அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கவுண்ட்டர் அம்மாள் முத்திரை குத்தினார். பாதித் தொகை, பன்னிரண்டாயிரம், சம்பளமாகிவிட்டது. பிறகு அவர் முதல் படிவத்தை, கோடு இழுத்த அந்தப் படிவத்தை, எடுத்து வைத்தார். பக்கத்தில் அடிக்காத புதிய பிரதி ஒன்று.

"மீதிப் பன்னெண்டாயிரம், உங்க மூத்தார் பங்கு. அதுக்கு இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு. திருப்பினா இப்பவே திருப்பணும். இல்லைன்னா வருஷத்துக்கு எழுநூத்து இருபது அபராதம். நல்லா யோசிச்சுக்குங்க."

"திருப்பினா அந்த வாசகத்துல கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

"அப்போ பாதி வருஷம் வேலை செஞ்சேன், பாதி வருஷம் செய்யலைன்னு ஆகும். இல்லையா? மாமாவை இடப்பக்கம் புரட்டினது வேலை, வலப்பக்கம் புரட்டினது வேலை இல்லை."

டீச்சர் சிரித்துவிட்டாள். கவுண்ட்டர் அம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எழுநூத்து இருபதை நான் கட்டறேன்" என்றாள் டிரைவர். "வருஷா வருஷம் கட்டறேன். வீட்டு வேலைக்குப் போயாவது கட்டறேன். இதுல கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

"ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நீங்க திருப்பலை, அவரும் பதியலைன்னா, எங்க ஆபீஸ்லேருந்து அவருக்கு நோட்டீஸ் தானாப் போகும். தான் கட்டின பணம் எதுக்கான பணம்னு முப்பது நாளுக்குள்ள அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும். அதை நான் நிறுத்த முடியாது."

மாமனாரின் மூத்த பிள்ளை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதை டிரைவர் மனசுக்குள் பார்த்துக்கொண்டாள்.

"போகட்டும்" என்றாள்.

சுவர்க் கடிகாரம் நான்கைத் தொட்டது. கண்ணாடியின் மேலிருந்து சின்ன ஷட்டர் கரகரவென்று இறங்கியது. பாதியில் ஒரு கை நீண்டு, அவள் கேட்டிருந்த இன்னொரு தாளை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போயிற்று.

*

அவள் வீட்டுக்கு வந்தபோது ஆறு மணிகூட ஆகவில்லை. ஜன்னலில் வெயில் இருந்தது. மெக்கானிக் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தெர்மோஸ்டாட்டை ஒன்று சேர்த்து, வேறு வழியில்லாமல் மறுபடியும் பிரித்திருந்தான்.

"அண்ணன் நாலு தடவை கூப்பிட்டுட்டார். இந்த வீட்டு வாசப்படியை இனிமே மிதிக்க மாட்டேங்கறார்."

"நோட்டீஸ் வந்தா மிதிப்பார்."

"தங்கச்சி கையெழுத்துப் போட்டுட்டாளாமே. அவ வீட்டுல என்ன ஆகப்போகுதோ."

"அவ பார்த்துப்பா."

"உனக்கு வரி வேற வரும்."

"வரட்டும். பத்தொன்பது வருஷம் கட்டினவதானே."

அவன் தலையாட்டினான். பிறகு, பெரிய பாரம் ஒன்று தன் தோளில் இல்லை என்று கண்டுகொண்டவன் போல, கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னான்:

"சரிம்மா. அது உனக்கும் அண்ணனுக்கும் உள்ளது. நான் நடுவுல வரலை."

டிரைவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மேசையில் கிடந்த திருகாணிகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, அவன் முன்னால் விரித்து வைத்தாள். வீட்டுப் பணிக்கான சம்பளப் பதிவு. பாதிக் கட்டங்களை வரும் வழியில் அவளே நிரப்பியிருந்தாள்.

"இது அண்ணனுக்கா?"

"அவருக்கு ஆபீஸே அனுப்பும்."

அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தான். பணியாளர் பெயர், அவளுடையது. பணி, மாமனாரைக் கவனித்துக்கொண்டது. மாத ஊதியம், ஆயிரம். இதுவரை கொடுத்தது என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம். பணியமர்த்தியவர் என்ற இடம் காலியாக இருந்தது.

"ஏம்மா" என்றான், குரல் உள்ளே போய். "நான் உன் புருஷன்."

"அதையும் கேட்டுட்டுத்தான் வந்தேன். அப்பாவைப் பார்த்துக்கிட்டதுக்கு மகன் குடுக்கறதா எழுதலாம்னுட்டாங்க. அவருக்குப் பங்கு வெச்சது மூணு பேர். ரெண்டு பேர் ஆயிரம் ஆயிரமாக் குடுத்தாங்க. தப்பான கணக்குல போட்டாங்களோ சரியான கணக்குல போட்டாங்களோ, குடுத்தாங்க."

போன் அடித்தது. பெரியவர். மெக்கானிக்கின் கை அவசரமாக அதன் பக்கம் போயிற்று. அவள் போனை எடுத்து மேசையின் மறுகோடியில் கவிழ்த்து வைத்தாள். அது அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க அப்பாவை நான் பார்த்துக்கிட்டேனா இல்லையா?"

"பார்த்துக்கிட்டே." அவன் கண் கலங்கியிருந்தது. "உன்னை மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது. எனக்குத் தெரியாதா?"

"வாயால சொல்லாதீங்க" என்றாள் டிரைவர். "இதுல எழுதுங்க."